வாசகர் கேள்வி – பதில்: டிராகன்ஸ் டாக்மா 2 வாங்கலாமா, வேண்டாமா?

2024 மார்ச் 22 அன்று கேப்காம் நிறுவனம் வெளியிட்ட 'டிராகன்ஸ் டாக்மா 2' என்ற வீடியோ கேம் பற்றி வந்த கடிதங்களில் பாதி புகழ்ச்சி, பாதி திட்டு. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்திலும் முதலில் 'பெரும்பாலும் எதிர்மறை', பிறகு 'கலவையான கருத்துகள்' என்ற முத்திரைதான் விழுந்தது. இந்த இதழின் பதில்கள் முழுவதும் இந்த ஒரு விளையாட்டுக்கே.

கேள்வி: ஒரு நண்பர் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார். இன்னொருவர் காசு வீண் என்கிறார். யார் சொல்வதை நம்புவது?

இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். இந்த விளையாட்டின் மீது வரும் புகார்களை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். தொலைவிடத்துக்கு நொடியில் தாவும் வேகப் பயணம் சுலபமில்லை, ஆட்டத்தைப் பதிந்து வைக்க ஒரே ஒரு சேவ்தான், இருட்டினால் கண் தெரியாது, சில பணிகளுக்குக் கெடு உண்டு, தாமதித்தால் ஆள் செத்துப்போகும். இவையெல்லாம் இயக்குநர் ஹிடேயாகி இட்சுனோ தெரிந்தே வைத்தவை. 2012இல் வந்த முதல் பாகத்திலும் இவற்றில் பெரும்பாலானவை உண்டு. பிடிக்காதவருக்கு எந்த அப்டேட் வந்தாலும் பிடிக்காது.

நகரத்துக்குள் ஃபிரேம் (ஒரு விநாடியில் திரை காட்டும் படங்களின் எண்ணிக்கை) சரிவது, அரண்மனைச் சூழ்ச்சிக் கதை பாதியில் கைவிடப்படுவது, முப்பது மணி நேரம் கழித்தும் அதே கோப்ளின் (குட்டிப் பூதம்) கூட்டம் வருவது ஆகியவை வேறு ரகம். இவை குறைகள்தான். ரசிகர்கள் இவற்றுக்குச் சப்பைக்கட்டு கட்டக் கூடாது.

ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நடந்து போவதே ஒரு மாலைப் பொழுதின் விளையாட்டாக இருந்தால் உங்களுக்குச் சம்மதமா? சம்மதம் என்றால் வாங்குங்கள். கதைக்காக மட்டும் விளையாடுபவர் என்றால் வேண்டாம்.

கேள்வி: என் கணினியில் காட்டுக்குள் 60 ஃபிரேம் வருகிறது. வெர்ன்வொர்த் நகருக்குள் நுழைந்ததும் 30க்குக் கீழே போகிறது. கிராஃபிக்ஸ் கார்டை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். பிரச்சினை கார்டில் இல்லை, பிராசசரில். ஊரில் நடமாடும் ஒவ்வொரு மனிதரின் இருப்பையும் அசைவையும் பிராசசர்தான் கணக்கிடுகிறது. கேப்காமே வெளியீட்டின்போது சொன்ன விளக்கம் இது. அதனால்தான் ஆள் குறைவான காட்டில் சரளமாக ஓடுவது, கூட்டம் நிறைந்த சந்தையில் திணறுகிறது. ஃபிரேம் கூட வேண்டும் என்பதற்காக ஊர்க்காரர்களையே கொன்று பார்த்தவர்களும் உண்டு. அதைச் செய்யாதீர்கள். பணி கொடுப்பவரும் கடைக்காரரும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. ஸ்டீம் அல்லது கார்டு நிறுவனத்தின் ஓவர்லேயை (ஆடும்போதே திரையில் அளவுகளைக் காட்டும் வசதி) திறந்து வைத்துக்கொண்டு, பகல் நேரத்தில் வெர்ன்வொர்த் சந்தையில் நடங்கள். கார்டின் பயன்பாடு 60, 70 சதவீதத்திலேயே நின்று ஃபிரேமும் குறைவாக இருந்தால் தடை பிராசசரில் இருக்கிறது. அப்போது ரெசல்யூஷனைக் குறைத்தாலும், படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ்ஸையோ எஃப்எஸ்ஆரையோ 'பெர்ஃபார்மன்ஸ்' நிலைக்கு மாற்றினாலும், படம் மங்குமே தவிர ஃபிரேம் ஏறாது. முதலில் ஒளியையும் நிழலையும் நுணுக்கமாகக் கணக்கிடும் ரே டிரேசிங்கை அணையுங்கள். அது பிராசசருக்கும் சுமை. பின்னணியில் ஓடும் பிரவுசர், ரெக்கார்டிங் செயலிகளை மூடுங்கள். விளையாட்டு எஸ்எஸ்டியில் இருக்கட்டும். அதன் பிறகும் ஆடினால் ஃபிரேமை 30இலோ, 120 ஹெர்ட்ஸ் திரை என்றால் 40இலோ பூட்டிவிடுங்கள். நிலையான 40, இங்குமங்கும் தாவும் 60ஐவிடக் கண்ணுக்கு நல்லது.

கேப்காம் கேட்கும் குறைந்தபட்ச அளவு இன்டெல் ஐ5 10600 அல்லது ரைசன் 5 3600, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1070. அதுவும் 1080பி, 30 ஃபிரேமுக்கான கணக்கு. இதைப் படித்துவிட்டு 60 எதிர்பார்த்தவர்கள்தான் அதிகம் ஏமாந்தார்கள். பிறகு வந்த அப்டேட்கள் நிலைமையை ஓரளவு சீராக்கின. ஆனாலும் பழைய ஆறு கோர் பிராசசரில் நகரம் இன்னும் கனமாகத்தான் ஓடும்.

வாங்குவதற்கு முன் சோதிக்க விரும்புகிறவர்கள் கவனிக்க: ஸ்டீமில் 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். முகம் செதுக்குவதிலேயே ஒரு மணி நேரத்தைக் கரைத்துவிடாதீர்கள். தயார் முகம் ஒன்றை எடுத்துக்கொண்டு முன்கதையைக் கடந்து மெல்வ் கிராமத்துக்கு வந்ததும் மாட்டு வண்டியில் ஏறி நேராக வெர்ன்வொர்த் போங்கள். அந்தச் சந்தையில் உங்கள் கணினி எப்படி ஓடுகிறதோ அதை வைத்து முடிவெடுங்கள். தொடக்கக் காட்டை வைத்து முடிவெடுத்தால் தப்பாகிவிடும்.

கேள்வி: போன வழியிலேயே திரும்பத் திரும்ப நடக்க வைக்கிறார்கள். வேகப் பயணம் இருக்கிறதா, இல்லையா?

இருக்கிறது. ஆனால் விலை உண்டு. ஃபெரிஸ்டோன் என்ற கல் ஒரு முறை பயன்படுத்தினால் தீர்ந்துவிடும். கடையில் 10,000 தங்கம். அது உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது போர்ட்கிரிஸ்டல் நட்டிருக்கும் இடத்துக்கு மட்டும். வெர்ன்வொர்த்தில் நிரந்தரமாக ஒன்று உண்டு. கையில் கிடைக்கும் போர்ட்கிரிஸ்டலை நீங்களே நடலாம், பிடுங்கி வேறிடத்தில் வைக்கவும் செய்யலாம். முதலில் கிடைப்பதை வெர்ன்வொர்த் பக்கத்திலேயே நட்டு வீணாக்காதீர்கள். பாட்டால் நாட்டுத் தலைநகரான பாக்பாட்டால் வாசலில் வையுங்கள். எரிமலைத் தீவை அடைந்த பிறகு அடுத்ததை அங்கே.

மலிவான வழி மாட்டு வண்டி. மெல்வ்–வெர்ன்வொர்த், வெர்ன்வொர்த்–எல்லைச் சாவடி, சாவடி–பாக்பாட்டால் என்று ஓடுகிறது. நிறுத்தத்தில் வண்டி இல்லையென்றால் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து நேரத்தை ஓட்டுங்கள். ஏறியதும் தூங்கிவிடலாம்; வழியில் தாக்குதல் வந்தால் எழுப்புவார்கள். இறங்கியதும் முதல் வேலையாக வண்டிக்கு அருகில் இருக்கும் எதிரியை அடியுங்கள். பெரிய விலங்கு வந்து வண்டியை நொறுக்கிவிட்டால் மிச்ச தூரம் நடைதான்.

நடப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பலர் திணறுவது தூரத்தால் அல்ல, மூட்டையால். சுமை கூடினால் ஸ்டாமினா (ஓடவும் தாக்கவும் வேண்டிய தெம்பு) சீக்கிரம் தீரும், மீளவும் நேரமாகும். தாதுக் கற்கள், பழைய ஆயுதங்கள், இறைச்சி எல்லாவற்றையும் நாயகரே சுமக்க வேண்டியதில்லை. உடனே தேவைப்படாததைத் துணைவர்களிடம் பிரித்துக் கொடுங்கள். ஊருக்கு வந்ததும் விடுதிக் கிடங்கில் போடுங்கள். மரப்பட்டைகளில் தங்க நிறத்தில் மின்னும் வண்டு கண்ணில் பட்டால் விடாதீர்கள். 'கோல்டன் ட்ரோவ் பீட்டில்' என்ற அந்த வண்டு ஒவ்வொன்றும் சுமக்கும் வரம்பை 0.15 கிலோ நிரந்தரமாக உயர்த்தும். நாயகரின் உடல்வாகும் இதில் சேர்த்தி. பெரிய உடம்புக்குச் சுமை வரம்பு அதிகம்.

2025இல் இலவசமாக வந்த 'கேஷுவல் மோட்' சுமை வரம்பைக் கூட்டி, விடுதிச் செலவைக் குறைக்கிறது. நேரம் குறைவாக இருப்பவர்கள் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம். இரண்டாம் முறை ஆடும்போது அணைத்துப் பாருங்கள், ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் மூட்டை கட்டுவதே எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

கேள்வி: காசு கொடுத்து வாங்கும் கூடுதல் பொருட்கள் இல்லாமல் முடிக்க முடியாதாமே?

முடியும். ஒரு ரூபாய்கூட வேண்டாம். ரிஃப்ட் கிரிஸ்டல் (துணைவரை அமர்த்தக் கொடுக்கும் பணம்), வேக்ஸ்டோன் (செத்தவரை எழுப்பும் கல்), முகம் மாற்றும் நூல் (புத்தகம்), கூடாரம், ஒரு போர்ட்கிரிஸ்டல் என ஸ்டீமில் விற்ற அனைத்தும் விளையாட்டுக்குள்ளேயே கிடைப்பவை. ஃபெரிஸ்டோனை அவர்கள் விற்கவே இல்லை. கோபம் வந்தது நியாயம். முழு விலை கொடுத்து வாங்கிய அன்றே கடைப் பட்டியல் நீளமாக நின்றது. அதோடு புதிய ஆட்டம் தொடங்கும் பொத்தானும் அப்போது இல்லை. முகம் பிடிக்கவில்லை என்றால் நூலைத் தேட வேண்டியிருந்தது. அதே மாதக் கடைசியில் வந்த அப்டேட் புதிய ஆட்டத்துக்கான பொத்தானைச் சேர்த்தது, பான் எனப்படும் துணைவர்களின் சங்கத்தில் விற்கும் முகம் மாற்றும் நூலின் இருப்பையும் 99 ஆக்கியது.

கேள்வி: மேஜ் (மந்திரவாதித் துணைவர்) குணப்படுத்திக்கொண்டே இருக்கிறார். ஆனாலும் என் உயிர்க் கோடு வரவரக் குட்டையாகிறது. பிழையா?

பிழையில்லை. அதற்கு லாஸ் கேஜ் என்று பெயர். வாங்கும் அடியில் ஒரு பகுதி உயிரின் உச்ச அளவையே தின்றுவிடும். சாம்பல் நிறமாகத் தெரியும் அந்தப் பகுதியை மேஜின் மந்திரம் நிரப்பாது. விடுதியிலோ, சொந்த வீட்டிலோ, முகாமிலோ தூங்கி எழ வேண்டும்.

ஆகவே கூடாரம் இல்லாமல் நீண்ட பயணம் கிளம்பாதீர்கள். கோட்டில் மூன்றில் ஒரு பங்கு சாம்பலானதும் அடுத்த தீமூட்டும் இடத்தில் தங்குவது என்று ஒரு வரையறை வைத்துக்கொள்ளுங்கள். தங்குவதற்கு முன் சுற்றியுள்ள புதர், பாறை மறைவெல்லாம் பார்த்து எதிரிகளைத் துடைத்துவிடுங்கள். அரைகுறையாக விட்டால் நள்ளிரவில் தாக்குவார்கள், கூடாரமும் போகும். தீயில் இறைச்சி சுட்டுத் தின்றுவிட்டுப் படுங்கள். மறுநாள் உடம்பில் கூடுதல் வலு இருக்கும். இறைச்சி கெட்டுப்போகும் பொருள், பத்திரப்படுத்தி வைத்துப் பயனில்லை.

இன்னொன்று. விளையாட்டு இரண்டு இடத்திலிருந்து மீளத் தரும்: கடைசிச் சேவ், கடைசியாக விடுதியில் தங்கிய இடம். முதலாவது தானாகவே அடிக்கடி மேலெழுதப்படும். பெரிய முடிவு எடுக்கும் முன் விடுதியில் ஒரு இரவு தங்குவதுதான் உங்கள் ஒரே காப்பு. வெர்ன்வொர்த்தில் 20,000 தங்கத்துக்கு ஒரு வீடு கிடைக்கும். கையில் பணம் சேர்ந்ததும் வாங்கிவிடுங்கள், அதன் பிறகு அங்கே தூங்கக் காசில்லை.

கேள்வி: என் பான் திடீரென்று ஊரையே கொன்றுவிட்டது. எப்படித் தடுப்பது?

இந்த விளையாட்டிலேயே அதிகம் பேரை அழ வைத்தது இதுதான். பான் என்பவர்கள் துணைவர்கள். ஒருவரை நீங்கள் உருவாக்குகிறீர்கள். இரண்டு பேரை மற்ற ஆட்டக்காரர்களின் உலகத்திலிருந்து ரிஃப்ட் கல் வழியாக அழைத்துக்கொள்கிறீர்கள். டிராகன்ஸ்பிளேக் என்ற நோய் இவர்கள் வழியாகத்தான் பரவுகிறது. முற்றிய நிலையில் ஊருக்குள் தூங்கினால், விடியும்போது அங்குள்ளவர்கள் பிணம்.

அறிகுறிகள் தெளிவானவை. கண்கள் சிவப்பாக ஒளிரும். தலைவலி என்று தலையைப் பிடித்துக்கொள்வார்கள். 'வா', 'பொறு' என்ற கட்டளையை மறுப்பார்கள், பேச்சில் திமிர் தெரியும். கண்ணைப் பார்க்க ஹெல்மெட் தடையாக இருக்கும். ஆகவே உங்கள் பானுக்கு முகம் மூடும் ஹெல்மெட் போடாதீர்கள். ஒவ்வொரு முறை விடுதி வாசலில் நிற்கும்போதும் மூன்று பேர் முகத்தையும் அருகில் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். பத்து விநாடி வேலை.

வாடகைத் துணைவருக்கு நோய் என்றால் அங்கேயே விடைகொடுத்து அனுப்புங்கள், பிறகு மற்ற இருவரின் கண்களையும் மறுபடி பாருங்கள். உங்கள் சொந்தப் பானுக்கே வந்துவிட்டால் கல்நெஞ்சோடு ஒரு காரியம் செய்ய வேண்டும். தூக்கிக்கொண்டுபோய் ஆழமான தண்ணீரில் எறியுங்கள். பிரைன் என்ற நீருக்கடியில் பதுங்கியிருக்கும் சக்தி இழுத்துக்கொள்ளும். ரிஃப்ட் கல்லில் திரும்ப அழைத்தால் சுத்தமாக வருவார்.

பேரழிவு நடந்துவிட்டால் பழைய சேவ் கைகொடுக்காது, ஏனென்றால் தூங்கியதே சேவ் ஆகிவிட்டிருக்கும். வெர்ன்வொர்த் பிணக்கிடங்குக்குப் போய், பணி தொடர்பான ஆட்களை வேக்ஸ்டோன் கொண்டு ஒவ்வொருவராக எழுப்பலாம். வேக்ஸ்டோன் துண்டுகள் மூன்று சேர்ந்தால் ஒரு கல். அதனால் எப்போதும் இரண்டு, மூன்று கற்களையாவது தொடாமல் வைத்திருங்கள். வெளியீட்டுக்குப் பின் வந்த அப்டேட்டில் தொற்று பரவும் வேகத்தைக் குறைத்தார்கள். அது சரியான முடிவு. அச்சம் இருக்கலாம், ஆனால் அறிகுறியைக் கவனிக்க அவகாசமும் இருக்க வேண்டும்.

கேள்வி: துணைவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

குழுவில் ஒரு மேஜ் கட்டாயம். அவருடைய குணம் 'கைண்ட்ஹார்ட்டட்' என்றிருந்தால் குணப்படுத்துவதில் முந்துவார். முன்னால் நின்று அடிப்பவருக்கு 'ஸ்ட்ரெய்ட்ஃபார்வர்ட்'. உங்கள் நிலைக்கு (லெவல்) சமமான அல்லது கீழான துணைவர் இலவசம், மேலான நிலைக்கு ரிஃப்ட் கிரிஸ்டல் கொடுக்க வேண்டும். வாடகைத் துணைவர் உங்களோடு இருக்கும் வரை நிலை உயர மாட்டார். ஆகவே நீங்கள் நான்கைந்து நிலை ஏறியதும் ஆளை மாற்றுங்கள். போகும்போது தேவையில்லாத பொருள் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தனுப்புவது ஆட்டக்காரர்களிடையே நல்ல வழக்கம். எல்வ் என்ற காட்டு இனத்தாரின் மொழி புரிய வேண்டிய இடங்களில் 'உட்லேண்ட் வேர்ட்ஸ்மித்' திறன் உள்ளவரை அழையுங்கள். ஓயாத பேச்சு எரிச்சலூட்டினால் 'அஃபோனைட்' திறன் உள்ளவர் வாய் திறக்க மாட்டார்.

கேள்வி: பத்து வொகேஷனில் (போர்த்தொழில்) எதில் தொடங்குவது? தப்பாகத் தேர்ந்தெடுத்தால் பிறகு பாதிப்பு உண்டா?

பாதிப்பில்லை. முதல் பாகத்தில் எந்த வொகேஷனில் நிலை ஏறினீர்களோ அதன்படி உடல்திறன் நிரந்தரமாகப் பதிந்துவிடும். இதில் மாற்றும்போதே திறனும் மாறிக்கொள்ளும். தாராளமாகச் சுற்றி வாருங்கள். ஃபைட்டரில் கற்கும் 'மெட்டில்', வாரியரில் கற்கும் 'வைட்டாலிட்டி' போன்ற துணைத்திறன்களை எந்த வொகேஷனுக்கும் எடுத்துப்போகலாம்.

தொடக்கத்துக்குத் தீஃப் (திருடன்) சுலபம். 'ஃபார்ம்லெஸ் ஃபெயின்ட்' கிடைத்துவிட்டால் ஸ்டாமினா இருக்கும்வரை அடியே படாது. விளையாட்டு ரொம்ப எளிது என்று எழுதுபவர்களில் பலர் இந்தத் திறனைப் போட்டுக்கொண்டவர்கள். கழற்றிவிட்டு ஆடிப் பாருங்கள். வாரியரும் சார்சரரும் வேண்டுமென்றால் வெர்ன்வொர்த் வொகேஷன் சங்கத்தில் பேசி, ட்ரெவோ சுரங்கத்திலிருந்து பெரிய வாளையும் மந்திரக்கோலையும் கொண்டுவர வேண்டும். மிஸ்டிக் ஸ்பியர்ஹேண்டுக்கு, வெர்ன்வொர்த் முதன்மைப் பணிகள் சிலவற்றுக்குப் பின் மெல்வ் திரும்பி சிகர்ட் என்பவரைச் சந்தியுங்கள். டிரிக்ஸ்டர் நேரடியாக அடிக்காது, புகையால் எதிரியை ஏமாற்றிப் பள்ளத்தில் தள்ளும். பொறுமைசாலிகளுக்கு மட்டும்.

ஒரே நேரத்தில் நான்கு ஆயுதத் திறன்தான் என்ற குறைபாட்டை முதல் பாக ரசிகர்கள் இன்னும் மன்னிக்கவில்லை. அவர்கள் பக்கம்தான் நியாயம்.

கேள்வி: எல்லா இடத்திலும் அதே கோப்ளின், அதே ஓநாய். சலிக்காதா?

சலிக்கும். நாட்டை மாற்றிப் பாட்டாலுக்குப் போனாலும் நிறம் மாறிய அதே கூட்டங்கள்தான் பெரும்பாலும் வரும். வழியில் எல்லாக் கூட்டத்தோடும் மோதாதீர்கள், தவிர்த்து ஓடுங்கள். சண்டையின் சுவை பெரிய விலங்குகளிடம்தான். ஒற்றைக் கண் அரக்கனான சைக்ளோப்ஸ் தடுமாறும் நேரத்தில் காலைப் பிடித்து இழுத்தால் மல்லாந்து விழும், அப்போது கண்ணைக் குத்துங்கள். கிமேராவில் நஞ்சு கக்கும் பாம்பு வாலை முதலில் முடியுங்கள், அடுத்து மந்திரம் ஓதும் ஆட்டுத் தலை, கடைசியில் சிங்கம். கல் உடம்பு கொண்ட கோலெம் மீது மந்திரம் பலிக்காது. உடம்பில் ஒளிரும் வட்டங்களை ஒவ்வொன்றாக ஆயுதத்தால் உடைக்க வேண்டும், முதுகில் இருப்பதற்கு ஏறித்தான் ஆக வேண்டும். கூழ் போன்ற ஸ்லைமுக்கு நேர்மாறு: வாள் பலிக்காது, மந்திரம்தான். கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபின் பறந்து தப்பும்போது அதன் முதுகிலேயே பிடித்துக்கொண்டிருந்தால் உங்களையும் தூக்கிக்கொண்டு போகும். ஸ்டாமினா தீர்ந்து கை நழுவினால் மரணம், ஆகவே கோட்டில் ஒரு கண் இருக்கட்டும்.

கேள்வி: டிராகனைக் கொன்றேன், பெயர்ப் பட்டியல் ஓடியது. இவ்வளவுதானா?

முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிவிடுங்கள். இது பாதி முடிவு. டிராகன் உங்களைச் சுமந்துகொண்டு பறக்கும்போது சண்டைக்களம் வரை காத்திருக்காமல், அதன் உடம்பில் ஊர்ந்து இதயப் பகுதிக்குப் போய் கோட்ஸ்பேன் பிளேடு என்ற வாளைப் பயன்படுத்துங்கள். கடல் வற்றிப்போன வேறொரு உலகம் திறக்கும். அங்கே ஓய்வுக்குக் கணக்கு உண்டு. ஊர் மக்களைக் கடலடிக் கோயிலுக்கு வெளியேற்ற வேண்டும், செந்நிற ஒளித் தூண்கள் இருக்கும் இடத்தில் எல்லாம் போர். விடுதியைப் பழையபடி நம்ப முடியாது, அதனால் மருந்துகளையும் வேக்ஸ்டோன்களையும் முன்பே சேர்த்துக்கொள்ளுங்கள். தலைப்பு '2' என்று திரையில் வருவதே அங்கேதான். இவ்வளவு நல்ல பகுதியை இப்படி ஒளித்து வைத்ததால் பாதிப் பேர் பார்க்காமலே விமர்சனம் எழுதிவிட்டார்கள் என்பது எங்கள் வருத்தம்.

கேள்வி: என் லேப்டாப் பழையது. முதல் பாகத்தை ஆடலாமா?

ஆடலாம். 'டார்க் அரைசன்' பதிப்பை எடுங்கள். 2013இல் கன்சோலுக்கும், 2016 ஜனவரியில் கணினிக்கும் வந்தது. பழைய இயந்திரத்திலும் நன்றாக ஓடும். கதைத் தொடர்பு இல்லை என்பதால் எந்த வரிசையிலும் ஆடலாம். பிட்டர்பிளாக் தீவு என்ற பெரிய நிலவறை இந்தப் பதிப்போடு வருகிறது. இரண்டாம் பாகத்தில் இல்லாத விலங்கு வகைகள் அங்கே உண்டு. தீராத ஃபெரிஸ்டோன் ஒன்றும் கிடங்கில் ஆரம்பத்திலேயே இருக்கும், எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள். இரவில் வெளியே கிளம்பினால் விளக்கு எண்ணெய் இரண்டு குடுவை கூடுதலாகப் போதும்.